துரை பங்களாவும் திராட்சைக் கொடியும்: இத்தாலியின் ப்ரோலியோ கோட்டையில் ஒயின் சுற்றுலா

எஸ்டேட் என்றதும் மலேசியத் தமிழர் கண்ணில் வருவது பால்மரம், லயன் வீடு, மேட்டில் துரை பங்களா. இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் கியாந்தி மலைப்பகுதிக்குப் போய் ப்ரோலியோ கோட்டைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அதே அமைப்புதான் தெரிகிறது. மேட்டில் பிரபுவின் மாளிகை, சரிவு முழுக்க வரிசை பிடித்த கொடி, தள்ளித் தள்ளி உழைத்தவர்களின் கல்வீடுகள். வயதில்தான் வித்தியாசம். ரிகாசோலி குடும்பத்தின் கைக்கு இந்தக் கோட்டை வந்தது 1141-இல்.

கோலாலம்பூரிலிருந்து இத்தாலி போகிறவர்கள் ரோம், வெனிஸ், பைசா கோபுரம் என்று முடித்துக்கொண்டு, ஒயின் தோட்டத்தைப் போகிற வழியில் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் காசு வீணாகிறது. புளோரன்ஸிலிருந்து காலையில் கிளம்பும் பேருந்துச் சுற்றுலாக்கள் ஒரே நாளில் இரண்டு தோட்டம், ஒரு பழைய ஊர், மதிய உணவு எல்லாம் காட்டுவதாக விளம்பரம் செய்யும். அந்த வேகத்தில் பாதாள அறையில் பத்து நிமிடம், கண்ணாடிக் குவளையில் மூன்று வாய், பிறகு கடை. அப்படிப் போவதற்குக் கே.எல்-லிலேயே ஒரு போத்தல் வாங்கி வீட்டில் உட்கார்ந்து குடிக்கலாம். ஒரு தோட்டம், அரை நாள். இந்தக் கணக்குக்குச் சம்மதமென்றால் ப்ரோலியோ அலைச்சலுக்குத் தகுந்த இடம்.

முதலில் போகும் வழி. கோட்டை இருப்பது கயோலே என்ற சிற்றூரின் எல்லையில். அருகிலுள்ள பெரிய ஊர் சியேனா. புளோரன்ஸிலிருந்து சியேனா வரை விரைவுப் பேருந்து உண்டு, சுமார் ஒன்றேகால் மணி நேரம். அதற்கு அப்பால் பொதுப் பேருந்தை நம்பிப் போவது சரிப்படாது. வாடகைக் கார் எடுத்தால் எஸ்பி 484 என்ற மலைப்பாதை கோட்டைக்கே கொண்டுபோய் விடும். வண்டி ஓட்ட நம் உரிமத்தோடு, சாலைப் போக்குவரத்து இலாகா கொடுக்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். புறப்படுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தானியங்கி கியர் வண்டி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே குறிப்பிட வேண்டும். அங்கே கையால் கியர் போடும் வண்டிதான் சாதாரணம்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது புளோரன்ஸ், சியேனா ஊர்நடுவில் உள்ள வாகனத் தடைப் பகுதிகளில். நுழைவாயிலில் கேமரா மட்டும் இருக்கும், நிறுத்திக் கேட்க ஆள் இருக்காது. விடுதிக்கு வழி தேடி இரண்டு முறை உள்ளே நுழைந்தால் இரண்டு அபராதம். அது பல மாதம் கழித்து வாடகைக் கார் நிறுவனத்தின் சேவைக் கட்டணத்தோடு மலேசிய வீட்டு முகவரிக்கு வந்து சேரும். மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதே மேல்.

இன்னொரு கணக்கையும் காரில் ஏறும் முன் போட்டுப் பாருங்கள். சுவைப்பில் ஐந்து ஒயின், ஒவ்வொன்றும் 50 மில்லி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 250 மில்லி, அதாவது ஒரு போத்தலில் மூன்றில் ஒரு பங்கு. 14 விழுக்காட்டு ஒயினில் அது சுமார் 28 கிராம் தூய ஆல்கஹால். எழுபது கிலோ எடையுள்ள ஆளின் ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராமைத் தாண்டிவிட இதுவே போதும். இத்தாலியின் சட்ட வரம்பு அந்த அரை கிராம்தான். உரிமம் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவருக்கு வரம்பு பூஜ்யம். ஆகவே ஓட்டுநர் குடிக்கக்கூடாது, அல்லது ஒவ்வொரு வாயையும் துப்ப வேண்டும். சியேனாவிலிருந்து ஓட்டுநரோடு கார் பேசிக்கொண்டு போவது செலவுதான், ஆனால் நான்கு பேர் பகிர்ந்தால் தாங்கும். திரும்பி வருவதற்கும் அப்போதே பேசிவிடுங்கள். மலைக்காட்டில் கையைக் காட்டினால் நிற்க டாக்சி கிடையாது.

எந்த மாதம் போவது? அறுவடையைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் முற்பகுதி வரை. ஆனால் அது சரியாகப் புரட்டாசி. வீட்டில் பாதிப் பேர் சைவம், குடி தொடாத விரதம். போய் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். மேலும் அறுவடை நாட்களில் தொட்டிகளில் திராட்சை நொதித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயு தரையோடு தங்கும், மூச்சை அடைக்கும், அதனால் சில அறைகளைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். மே கடைசி, ஜூன் முற்பகுதி நல்ல தேர்வு. கொடி பூக்கும் பருவம், வெயிலும் சுடாது. ஆகஸ்டைத் தவிருங்கள். வெக்கையோடு உள்ளூர் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

கோட்டையில் பார்ப்பதற்குத் தோட்டம், மதில்மேல் நடைபாதை, குடும்பத்தாரின் கல்லறை உள்ள சிறு தேவாலயம், குடும்பப் பொருள்கள் வைத்த அருங்காட்சியகம். மதிலில் நின்றால் சியேனாவின் கோபுரம் வரை கண் போகும். புளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் பல நூற்றாண்டுப் பகை. இந்தக் கோட்டை புளோரன்ஸின் எல்லைக் காவல். 'ப்ரோலியோ முணுமுணுத்தால் சியேனா நடுங்கும்' என்பது ஊர்ப் பழமொழி. மாளிகையின் செங்கல் முகப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது, அதை ஏதோ நடுக்காலச் சின்னம் என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் நிறைய. அதைவிட முகப்பில் உள்ள இரண்டாம் உலகப்போர்க் குண்டுத் தழும்புகளைத் தேடிப் பாருங்கள். பாதை சரளைக்கல், ஏற்றம். புடவையும் குதிகால் செருப்பும் படத்துக்கு அழகு, நடைக்கு ஆகாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் கோட்டை ஏற்றத்தை விட்டுவிட்டு ஒயின் கடையில் உட்காரவைக்கலாம்.

வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் பெயர் பெத்தினோ ரிகாசோலி. 1809-இல் பிறந்து 1880-இல் மறைந்தவர், பட்டப்பெயர் 'இரும்பு பிரபு', ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர். விருந்தில் மனைவியோடு வேறொருவர் நடனமாடியதைப் பொறுக்காமல் அன்றிரவே வண்டியில் ஏற்றி இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று ஒரு கதை. பௌர்ணமி இரவில் அவர் ஆவி வெள்ளைக் குதிரையில் சுற்றுகிறது என்று இன்னொரு கதை. செத்துப்போன துரை இன்னும் பங்களா வராந்தாவில் சுருட்டு பிடிக்கிறார் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆவியை விட அவர் எழுதிய ஒரு கடிதம்தான் முக்கியம். 1872-இல் பைசா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு, ஆண்டுக்கணக்கில் செய்த சோதனைகளின் முடிவைச் சொல்லி எழுதியது. சஞ்ஜோவேசே என்ற கறுப்புத் திராட்சை மணத்துக்கும் வீரியத்துக்கும். கனாயோலோ அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்க. மல்வசீயா என்ற வெள்ளைத் திராட்சை கலந்தால் லேசாகும், அன்றாடம் குடிக்கச் சரி, நாள்பட வைக்கும் ஒயினில் அதை விட்டுவிடலாம். இதுதான் கியாந்தி ஒயினின் மூலச் சூத்திரம். வேடிக்கை என்னவென்றால், 1967-இல் வந்த சட்டம் வெள்ளைத் திராட்சையை 10 முதல் 30 விழுக்காடு வரை கலந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பிரபு விட்டுவிடலாம் என்றதைச் சட்டம் விடாதே என்றது. வைக்கோல் கூடை கட்டிய குண்டுக் குடுவையில் வந்த நீர்த்த கியாந்திக்குக் கெட்ட பெயர் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 2006 அறுவடையிலிருந்து கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்கு இடமே இல்லை. இப்போது குறைந்தது 80 விழுக்காடு சஞ்ஜோவேசே.

கியாந்தி வேறு, கியாந்தி கிளாசிக்கோ வேறு என்பதையும் இங்கேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூர்க் கடை அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கிளாசிக்கோ என்பது புளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட பழைய மலைப்பகுதி. அதன் எல்லையை முதலில் வரைந்தது 1716-இல் மூன்றாம் கோசிமோ மெதிச்சி போட்ட ஆணை. போத்தல் கழுத்தில் கறுப்புச் சேவல் இருந்தால் கிளாசிக்கோ. வெறும் கியாந்தி அதைச் சுற்றியுள்ள பெரிய வட்டாரம்.

சுற்றுலா சொல்லாமல் விட்டுவிடக்கூடிய ஒன்று இருக்கிறது, கேட்டால்தான் வரும். கோட்டைச் சுற்றுலா என்றாலே பிரபுவின் கதை. உழைத்தவன் கதையைக் கேட்க 'மெட்சாத்ரியா' என்ற ஒரு சொல்லைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். பாதிவாரம் என்று பொருள். நிலமும் வீடும் பிரபுவுடையது, உழைப்பு குடியானவன் குடும்பத்துடையது, விளைச்சலில் பாதிப் பாதி. கணக்கு எழுத ஃபத்தோரே என்றொரு ஆள். நம் தோட்டத்துக் கிராணியையும் மண்டோரையும் ஒன்றாகச் சேர்த்தால் அவர்தான். கொடி மட்டும் வைத்தால் வயிறு நிறையாது என்பதால் ஒரே நிலத்தில் கோதுமை, ஒலிவம், திராட்சை எல்லாம் கலந்து நின்றன. இன்று படத்தில் பார்க்கும் சீரான கொடி வரிசை பழைய காலத்துக் காட்சி அல்ல, பாதிவாரம் போன பிறகு வந்த ஒழுங்கு. 1964-இல் புதிய பாதிவார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. குடியானவர்கள் அதற்கு முன்பிருந்தே மூட்டை முடிச்சோடு நகரத் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், கல்வீடுகள் காலியாகின. அதே காலத்தில் இங்கே மலேசியாவில் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பது, நடந்தது. தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். அங்கே காலியான கல்வீடுகள் இன்று நீச்சல்குளத்தோடு விருந்தினர் விடுதிகள். நம் லயன் வீடுகள் என்ன ஆயின என்று சொல்ல வேண்டியதில்லை. வழிகாட்டியிடம் இதைக் கேளுங்கள். மனப்பாடமாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட இந்தக் கேள்விக்கு வாயைத் திறந்து பேசுவார்கள், காரணம் பலரின் தாத்தா அந்த வீடுகளில் இருந்தவர்.

கொடி வரிசையில் கீழே குனிந்து மண்ணைப் பாருங்கள். கியாந்தி கிளாசிக்கோ விதிப்படி ஹெக்டேருக்குக் குறைந்தது 4,400 கொடி, அதிகபட்சம் 7.5 டன் பழம். வகுத்தால் ஒரு கொடிக்கு 1.7 கிலோ. ஒரு போத்தலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும், ஆக ஒரு கொடி ஒன்றரைப் போத்தல். கொடியைத் தாராளமாகக் காய்க்க விட்டால் பழம் நீர்த்துப்போகும் என்பதற்காகவே இந்தக் கட்டு. மண்ணில் இரண்டு வகைக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக உதிர்வது கலேஸ்த்ரோ. வெளிறிய, கெட்டியான சுண்ணாம்புக் கல் அல்பெரேசே.

மண் எப்படிக் குவளையில் வந்து சேர்கிறது என்பதைக் காட்டத்தான் ப்ரோலியோ மற்ற பல தோட்டங்களை விடச் சிறப்பு. இங்கே தனித்தனி நிலத்திலிருந்து மூன்று ஒயின், மூன்றும் முழுக்கச் சஞ்ஜோவேசே. கொல்லெதிலா சுண்ணாம்பு மண், ரோன்சிகோனே பழங்கடல் படிவு, சேனிப்ரீமோ பழைய ஆற்றுப் படுகை. சாதாரணச் சுற்றில் இவை வராமல் போகலாம். முன்பதிவு செய்யும்போதே மூன்றையும், முடிந்தால் ஒரே ஆண்டு அறுவடையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்க முடியுமா என்று கேளுங்கள். கூடுதல் காசு கேட்டாலும் கொடுங்கள். ஒரே திராட்சை, ஒரே கை, மண் மட்டும் வேறு. முதலாவது நாக்கின் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும். இரண்டாவது மூக்குக்கு முதலில் வரும், வாயில் மெத்தென்று போகும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் நின்று கடைசியில் உப்புக் கரிப்பு போல ஒன்றை விட்டுவிட்டுப் போகும். இதைப் புத்தகத்தில் படித்து அறிய முடியாது.

சுவைக்கும் முறைக்கு வருவோம். துவர்ப்பு என்று தனிச் சொல் வைத்திருக்கும் மொழிக்காரர்களுக்கு இது சுலபமாகவே இருக்க வேண்டும். வாழைப்பூ, நாவற்பழம், பால் விடாமல் அதிகம் ஊறிப்போன தே ஓ, இவை நாக்கில் செய்வதை ஒயினின் டானின் செய்கிறது. மலாய்க்காரர்கள் கெலாட் என்பதும் இதைத்தான். சஞ்ஜோவேசேயில் அதோடு புளிப்பும் தூக்கலாக இருக்கும். இத்தாலியர் புளிப்புச் செர்ரி என்பார்கள். செர்ரி தெரியாத நாக்குக்கு 'அசாம் போய்' என்ற உப்புப் பழம் போதும். அம்ரா ஜூஸில் மிதக்கும் அந்த உலர்ந்த உப்புக் கொட்டையின் வாசம், நாள்பட வைத்த 'ரிசெர்வா' வகை ஒயினில் அப்படியே வரும்.

குவளையின் தண்டைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். முதலில் சுழற்றாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள், இரண்டும் வேறு வேறு. ஒரு வாய்க்கு 10 மில்லி போதும். ஐந்து எண்ணும் வரை வாய் முழுக்கப் பரவவிட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பிறகு துப்புங்கள். மேசையில் அதற்கென்று கலயம் இருக்கும். துப்புவது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள், அங்கே அது தொழில்காரர்களின் பழக்கம். வரிசை எப்போதும் இளையதிலிருந்து முதிர்ந்ததற்கு: சாதாரண ஆண்டு ஒயின், 24 மாதம் வைத்த ரிசெர்வா, 30 மாதம் வைத்த கிரான் செலெட்சியோனே, கடைசியில் இனிப்பான வின் சாந்தோ. இனிப்பை முதலில் தொட்டால் மற்றதெல்லாம் புளித்தண்ணீராகத் தெரியும்.

கெடுப்பவை சில. அன்று காலை அத்தர், மல்லிகைப்பூ, முடிக்கு வாசனை எண்ணெய் வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, மேசையில் எல்லாருக்கும் மணம் போய்விடும். கையோடு கொண்டுபோன சம்பலையும் ஊறுகாயையும் முந்தைய இரவோடு நிறுத்துங்கள். மிளகாய் எரிச்சலில் 14 விழுக்காட்டு ஆல்கஹால் தீயாக இருக்கும், பழச்சுவை ஓடிவிடும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் தக்கை கெட்ட போத்தல். எந்த நல்ல தோட்டத்திலும் நேரும். சொன்னால் மாற்றித் தருவார்கள், அது ஒயினின் இயல்பு என்று நினைத்துச் சிரமப்பட்டுக் குடிக்க வேண்டாம்.

சாப்பாட்டில் கவனம். சுவைப்போடு வரும் தட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருப்பது வழக்கம். பெருஞ்சீரகம் போட்ட ஃபினோக்கியோனாவும் பன்றிதான். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பதப்படுத்திய ஹாமைச் சிலர் இறைச்சிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், தனியாகச் சொல்லுங்கள். ராகு என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி கலந்த குழம்பு. பாலாடைக்கட்டியிலும் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றின் உறைபொருள் சேர்வதுண்டு, கண்டிப்பான சைவர்கள் அதையும் விட வேண்டியிருக்கும். நிம்மதியாகச் சாப்பிட ரொட்டியும் தக்காளியும் குழைத்த பாப்பா அல் பொமொதோரோ, பூண்டுச் சாறில் புரட்டிய பிச்சி நூடுல்ஸ். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்கள் வழக்கமே அப்படி. தோட்டத்து ஒலிவ எண்ணெயை அதன்மேல் ஊற்றி உப்பைத் தூவினால் சரியாகிவிடும். குடிக்காதவர் கூட வந்தால் அந்த எண்ணெய்ச் சுவைப்பே அவருக்கு ஒரு வேலை.

வாங்கிக்கொண்டு வருவது கடைசி. மலேசியாவுக்குள் வரியில்லாமல் ஒருவருக்கு 1 லிட்டர்தான். 750 மில்லி போத்தல் ஒன்று சரி, இரண்டு என்றால் சுங்கத்தில் தாமாகவே காட்டி வரி கட்டுங்கள். பெட்டியில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். கைப்பையில் வைத்தால் இடையில் மாறும் விமான நிலையச் சோதனையில் போய்விடும். போத்தல் ஒன்றுக்கு ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாமல் எடை போடுங்கள். இரண்டு காலுறைக்குள் நுழைத்து, துணிகளுக்கு நடுவில், பெட்டியின் ஓரம் படாமல் வையுங்கள்.

பெட்டியிலிருந்து எடுத்து வரவேற்பறை அலமாரியில் அழகுக்கு நிற்க வைத்தால் கதை முடிந்தது. ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்பது ஐரோப்பிய அறைக்குச் சொன்னது, 30 பாகை சுடும் செந்தூல் வீட்டுக்கு அல்ல. சில மாதத்திலேயே வெந்த பழ வாசம் வந்துவிடும். ஒயின் அலமாரி இல்லையென்றால் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் படுக்க வையுங்கள், ஒரு வருடத்துக்குள் திறந்துவிடுங்கள், பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். ஆட்டுக்கறிப் பெரட்டலோடு நன்றாகப் போகும், மிளகாயைப் பாதியாக்கி மிளகைக் கூட்டினால்.

இரண்டு பேர் போனால் ஒருவர் 750 மில்லி கிரான் செலெட்சியோனே எடுங்கள், மற்றவர் 375 மில்லி வின் சாந்தோ இரண்டு. உலர்த்திய திராட்சையைப் பிழிந்து, சிறு பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் காற்றோடு பழகவிட்ட ஒயின் அது. அதனால் திறந்த பின்னும் குளிர்பெட்டியில் சில வாரம் தாங்கும். அங்கே பாதாம் பிஸ்கட்டை அதில் தொட்டுத் தின்பார்கள். புரட்டாசி முடிந்து தீபாவளிக்குச் சுட்ட பலகாரத்தில் நெய் உருண்டை மிச்சமிருந்தால் அதற்கும் பொருந்தும். அதிரசத்துக்கு வேண்டாம், வெல்லம் ஒயினை அமுக்கிவிடும்.